51826-ஆம் எண் கல்லும் ஒரு விசாரணை அறிக்கையும்

கடந்த பிப்ரவரியில், படப்பையில் எங்கள் தெருப் பிள்ளைகள் கூடிப் படிக்கும் மாலை வகுப்பில் கல்பனா சாவ்லாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். பிப்ரவரி முதல் தேதி அவருடைய நினைவு நாள். பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் சொல்லப்படுவதையே நானும் சொன்னேன். ஹரியானாவில் கர்னாலில் பிறந்தார், விண்வெளிக்குப் போனார், 2003-இல் திரும்பி வரும்போது கொலம்பியா விண்கலம் சிதறி இறந்தார், வானத்தில் ஒரு சிறுகோளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, அந்தக் கல்லுக்கு யாரு பேர் வச்சது? யாரு வேணா வைக்கலாமா?"

அவள் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அவளுடைய ஆதார் அட்டை முகவரியில் தெருப் பெயருக்குப் பதில் 'காலனி' என்று இருக்கிறது. அங்கே குடியிருக்கும் யாரும் வைத்த பெயர் அல்ல அது. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரல் 29-இல். தெருக்கள், சாலைகள், நீர்நிலைகளில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்கும் அரசாணை அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. வரவேற்க வேண்டியவைதான். இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடி, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை வெட்டி எறியுங்கள் என்று தீர்மானம் போட்டது. ஆள்களின் பெயரிலிருந்து வாலை நறுக்கியதற்கும் தெருவின் பெயரிலிருந்து நறுக்கியதற்கும் நடுவில் தொண்ணூற்றாறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அந்தப் பெண்ணுக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சிறுகோளுக்கு யார் வேண்டுமானாலும் பெயர் வைக்க முடியாது. ஒரு கல் சூரியனைச் சுற்றும் பாதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியான பிறகு முதலில் அதற்கு ஓர் எண் தருவார்கள். அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு, பெயரைப் பரிந்துரைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஏற்க வேண்டும். ஆங்கில எழுத்தில் பதினாறுக்கு மிகக்கூடாது; ஒரே சொல்லாக இருந்தால் நல்லது. கல்பனாவின் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதியிருப்பது அதனால்தான். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று எழுத்து. வணிகப் பெயர் கூடாது. அரசியலாலோ போராலோ அறியப்பட்டவர் என்றால் அவர் இறந்து நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி மட்டும் நம்மூர்ப் பேருந்து நிலையங்களுக்கும் பொருந்தும் என்று ஆக்கிவிட்டால் எத்தனை பெயர்ப் பலகைகள் காலியாகத் தொங்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால் சிரிப்போடு முடியவில்லை. அண்ணல் அம்பேத்கரை 'அரசியல்வாதி' என்ற பெட்டியில் போட்டால் 2056 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். 1923-இல் லண்டன் பொருளியல் பள்ளியில் முனைவர் பட்டம் பெற்ற பொருளியலாளர் என்று வாதாடினால் நாளையே வைக்கலாம். ஒருவரை எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதில் எப்போதும் ஓர் அரசியல் இருக்கத்தான் செய்கிறது.

மேலே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெயர்கள் என்று உடனே நினைவுக்கு வருபவை மூன்று. 4130 ராமானுஜன், 1958 சந்திரா (வானியற்பியலாளர் சந்திரசேகர்), 4538 விஷியானந்த் (சதுரங்க வீரர் ஆனந்த்). மூவருடைய திறமையிலும் எனக்கு ஐயமில்லை. மூவரும் ஒரே சாதியிலிருந்து வந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் கடந்துபோகவும் மனம் வரவில்லை. ராமானுஜனின் கல்லை 1988-இல் கண்டுபிடித்தது நம் ஜவ்வாது மலையின் காவலூர் வான் ஆய்வகத்தில். அது மலையாளிப் பழங்குடிகளின் மலை. அங்கே நடந்த சிறுகோள் தேடும் திட்டத்துக்கு வைத்த பெயர் கல்கி, அதாவது விஷ்ணுவின் பத்தாவது அவதாரம். மலை ஒருவருடையது, தொலைநோக்கி அரசினுடையது, பெயர் மட்டும் புராணத்தினுடையது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது 'எங்கள் ஆளுக்கும் ஒரு கல் வேண்டும்' என்று கேட்பதற்கு அல்ல. கல்பனாவின் பெயர் கல்லுக்குப் போன அந்த மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. பள்ளிக்கூடப் பேச்சுகளில் அது வருவதேயில்லை.

கலிபோர்னியாவின் பாலோமர் ஆய்வகத்தில் 2001 ஜூலையில் எலினார் ஹெலின் என்ற வானியலாளர், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையில் ஏழு சிறுகோள்களைக் கண்டறிந்தார். ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து ஏழு கிலோமீட்டர் குறுக்களவு இருக்கலாம். படப்பையிலிருந்து சில ஊர்களைத் தாண்டிப் போகும் தூரம்தான். அப்போது கொலம்பியாவின் ஏழு பேரும் உயிரோடு பயிற்சியில் இருந்தார்கள். 2003 ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த ஏழு கற்களுக்கும் அந்த ஏழு பேரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. 51823 முதல் 51829 வரை. குழுத் தலைவர் ரிக் ஹஸ்பண்ட் முதல் எண்ணில் இருக்கிறார். கலத்தை ஓட்டிய வில்லியம் மெக்கூல் கடைசி எண்ணில். கறுப்பினத்தவரான மைக்கேல் ஆண்டர்சன், இஸ்ரேலிய விமானப்படைக்காரர் இலான் ரமோன், மருத்துவர்களான லாரல் கிளார்க்கும் டேவிட் பிரவுனும், நடுவில் 51826-ஆக கல்பனா. ஆளுக்கொரு கல். பதவிக்கேற்பப் பெரிய கல், சிறிய கல் என்று பிரிக்கவில்லை.

அதே ஆகஸ்ட் 26-இல் கொலம்பியா விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. இன்றும் இணையத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். ஜனவரி 16-ஆம் தேதி ஏவிய எண்பத்திரண்டாவது நொடியில், வெளித் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ எடையுள்ள நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. பதினாறு நாள் கழித்துக் கலம் வளிமண்டலத்தில் நுழைந்தபோது அந்த ஓட்டை வழியாகச் சூடான வாயு புகுந்து இறக்கையை உள்ளிருந்து உருக்கியது. இது இயந்திரக் காரணம். அறிக்கை அதோடு நிற்கவில்லை. நுரை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் நாசாவின் நிர்வாகப் பண்பாடு என்றது.

அடி விழுந்ததைப் படத்தில் பார்த்த பொறியாளர்கள், கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே இறக்கையைப் படமெடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மேலிடம் வேண்டாம் என்றது. ராட்னி ரோச்சா என்ற பொறியாளர், இது தவறான முடிவு, பொறுப்பின்மைக்குப் பக்கத்தில் நிற்கும் முடிவு என்ற பொருளில் ஒரு மின்னஞ்சலை எழுதினார். எழுதினாரே தவிர அனுப்பவில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது, தான் நிர்வாகத்தில் மிகக் கீழே இருந்ததாகவும் முடிவெடுத்தவர் வெகு மேலே இருந்ததாகவும் சொன்னார். இன்னொரு செய்தியும் அந்த அறிக்கையில் உண்டு. 2004 பிப்ரவரி 19-க்குள் விண்வெளி நிலையத்தின் ஒரு கட்டத்தை முடித்தாக வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நொடி என்று குறைந்துகொண்டே வரும் ஒரு திரையை மேலாளர்களின் கணினிகளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஒரகடம் பக்கம் ஆலைக்குள் போய் வந்தவர்களுக்கு அந்தத் திரையை விளக்க வேண்டியதில்லை. லைனுக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'டார்கெட்', 'ஆக்சுவல்' என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

என் சித்தி மகள் அப்படி ஒரு பலகையின் கீழேதான் நிற்கிறாள். டிப்ளமோ படித்தவள், வண்டி உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவள் பெயரையும் ஆலையின் பெயரையும் நான் இங்கே எழுத முடியாது; எழுதினால் அடுத்த மாதம் அவளுக்கு வேலை இருக்காது. ஆலைக்குள்ளும் அவள் பெயருக்குப் பெரிய வேலை இல்லை, டோக்கன் நம்பர்தான். கல்லுக்கு எண்ணும் உண்டு, பெயரும் உண்டு. அவளுக்கு வாசலுக்கு வெளியே பெயர், உள்ளே எண்.

போன ஆண்டு அவள் லைனில் ஒரு பிரஸ் இயந்திரத்தின் பாதுகாப்பு சென்சாரை யாரோ கட்டிப்போட்டிருந்தார்கள். கையை எடுக்கும்வரை பிரஸ் இறங்காமல் தடுப்பது அந்த சென்சார். அது இருந்தால் ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று நொடி கூடும். அவள் லைன் லீடரிடம் சொன்னாள். "நீ வந்து எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டார். சூப்பர்வைசரிடம் போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவள் நிரந்தரப் பணியாளரைத் தாண்டி அவரிடம் பேசக்கூடாது என்பது எழுதாத விதி. மூன்றாம் வாரம், ஒடிசாவிலிருந்து வந்திருந்த ஒரு பையனுக்கு இரண்டு விரல் போயிற்று. ஆலை எழுதிக்கொண்ட காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு. அடுத்த ஷிஃப்டுக்கே லைன் ஓடியது. கொலம்பியாவுக்குப் பிறகு அமெரிக்காவின் விண்கலங்கள் இரண்டரை ஆண்டு பறக்கவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ரோச்சாவின் 'கீழே' என்பது அலுவலக வாசலோடு முடிந்துபோகும். வீட்டுக்குப் போனால் அவர் யாருக்கும் கீழானவர் அல்ல. எங்கள் பக்கத்தில் அந்தப் படிக்கட்டு ஆலையிலிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து பிறப்புக்குப் போகிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் காலடியில் ஒருவர் இருப்பதால், கீழிருந்து வரும் எச்சரிக்கையை மேலே கொண்டுபோவதைத் தனக்கு இழுக்கு என்றே ஒவ்வொரு படியும் நினைக்கிறது. என் தங்கை சொன்னதில் தவறு இல்லை என்பது லைன் லீடருக்கும் தெரியும். சொன்னது யார் என்பதுதான் அவருக்குச் சிக்கல்.

'கவனக்குறைவு' என்ற சொல்லைக் கல்பனாவும் சந்தித்திருக்கிறார். 1997 நவம்பரில் அவருடைய முதல் பயணத்தில், அவர் இயந்திரக் கையால் வெளியே விட்ட ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோள் ஒழுங்காக இயங்கவில்லை. இரண்டு பேர் கலத்துக்கு வெளியே போய்க் கையால் பிடித்து இழுத்துவர வேண்டியதாயிற்று. பழி முதலில் அவர் மேல்தான் விழுந்தது. நாசா மாதக்கணக்கில் விசாரித்து, மென்பொருள் இடைமுகத்திலும் வகுத்திருந்த நடைமுறைகளிலும்தான் பிழை என்று கண்டு அவரை விடுவித்தது. அந்த விசாரணை நடக்காமல் 'அந்தப் பெண்ணின் பிழை' என்று கோப்பை மூடியிருந்தால் அவருக்கு இரண்டாவது பயணம் கிடைத்திருக்குமா என்பது ஐயம்தான். ஒரு மனிதரின் பெயரைக் காப்பாற்ற ஓர் அறிக்கை எவ்வளவு தேவை என்பதற்கு அவரே சாட்சி. அந்தப் பெயரையும் அவரேதான் வைத்துக்கொண்டார். வீட்டில் மோன்ட்டோ என்று கூப்பிட்ட குழந்தை, பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியை கேட்க, தானே கல்பனா என்று தேர்ந்தெடுத்தது. பிரிவினையில் எல்லாம் இழந்து வந்து, பின்னர் டயர் செய்யும் தொழில் நடத்திய குடும்பம் அது. ஒடுக்கப்பட்ட சாதி அல்ல. ஆனாலும் 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 819 பெண் பிள்ளைகளே இருந்த மாநிலத்தின் மகள். 'பாரதத்தின் மகள்' என்று பின்னால் உரிமை கொண்டாடியவர்கள் அந்த 819-ஐப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நம் நாட்டில் பெயர் வைக்கும் வேகத்துக்குக் குறைவில்லை. அவர் இறந்த நான்காம் நாள், மெட்சாட் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 என்று பிரதமர் வாஜ்பாய் பெயர் சூட்டினார். தமிழ்நாடு அரசு சுதந்திர நாளில் வீரச் செயல் புரிந்த பெண்ணுக்குக் கல்பனா சாவ்லா விருது தருகிறது. 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கியவர்களை நோக்கித் தாங்கள் உடுத்தியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இருவரைக் கரை சேர்த்த மூன்று பெண்களுக்குக் கொடுத்தார்கள். அதைவிடப் பொருத்தமான விருதாளர்களை நான் அறியேன். என் பிணக்கு விருதோடு அல்ல. வீரம், தியாகம் என்ற சொற்கள் வந்து உட்கார்ந்ததும் 'ஏன் நடந்தது' என்ற கேள்வி எழுந்து போய்விடுகிறதே, அதோடுதான்.

பெயர் வைக்கவே கூடாது என்று முடிவெடுத்த சாவுகளும் இருக்கின்றன. 2019 மார்ச் கடைசி வாரத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மலக்குழியில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும் அடக்கம். வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். அது தற்செயல் என்று யார் சொல்ல முடியும்? குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடைசெய்த சட்டம் 2013-இல் வந்தது. 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 மார்ச் 27-இல். இந்த எச்சரிக்கை கீழிருந்து வந்த மின்னஞ்சல் அல்ல, நாட்டின் சட்டம். அதையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. 2023 அக்டோபரில் நீதிமன்றம் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது.

இடையில் 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் ஒரு பதில் சொன்னது: கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. குழிக்குள் இறங்கிச் செத்தவர்கள் எங்கே போனார்கள் என்றால், அவர்கள் 'கழிவுநீர்க் குழாய், மலக்குழிகளை அபாயகரமாகச் சுத்தம் செய்தல்' என்ற இன்னொரு தலைப்பின் கீழே இருக்கிறார்கள். சாவின் பெயரை மாற்றிவிட்டால் சாவே நடக்கவில்லை. வானத்தில் ஒரு கல்லின் பெயரை மாற்ற ஒரு குழு கூட வேண்டும். இங்கே ஒரு பதிலின் தலைப்பு போதும்.

அந்த ஆறு பேரின் பெயர்களை இங்கே அடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் எழுத எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டேன். அவர்களுக்கு ஒரு நினைவுக் கல் எழுப்பினால் முதல் ஆளாக நானும் போய் நிற்பேன். ஆனால் கல்லோடு அனுப்பிவிட்டால் ஏமாறக் கூடாது. எந்த ஒப்பந்தக்காரர், எந்த உத்தரவு, யார் சொன்ன எச்சரிக்கை, யார் கேட்கவில்லை என்று ஊர் முழுக்கப் படிக்கும்படி தமிழில் ஓர் அறிக்கை வேண்டும். விபத்தை அரசு ஆய்வாளருக்குத் தெரிவிக்கச் சட்டம் இருக்கிறது. ஆய்வாளர் கண்டதை, விரல் போன பையனின் பக்கத்து மெஷினில் நிற்பவள் படிக்க வழி வேண்டும். நம் இயக்கங்கள் இழப்பீட்டுக்காகப் போராடுகின்றன, வழக்குப்பதிவுக்காகப் போராடுகின்றன, நினைவிடத்துக்காகவும் போராடுகின்றன. அறிக்கைக்காகப் போராடுவதில் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் கருத்து. அதை நிபுணர்கள் வேலை என்று விட்டுவிடுகிறோம். மக்களே உண்மையறியும் குழு அமைத்து எழுதும் மரபு சாதி வன்கொடுமைகளில் நமக்கு உண்டு. ஆலை வாசலுக்கும் மலக்குழிக்கும் அதை இன்னும் போதுமான அளவு கொண்டுவரவில்லை.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல், ஏழு எண்கள், நுரைத் துண்டு, அனுப்பாத மின்னஞ்சல் எல்லாவற்றையும் கேட்டாள். இரவு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, கம்பெனி பஸ் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் வந்து நிற்கும். தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, அந்த இன்ஜினியர்... அப்புறம் அவருக்கு வேலை இருந்துச்சா?"

இருந்தது, அங்கேயேதான் தொடர்ந்து வேலை பார்த்தார் என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.